பிணம் இல்லாத எழவு வீடு

எனக்குக் கோபம் மூக்கின் மேல் என்று என் அண்ணன் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். பொய் என்று சொல்ல முடியாது. வரலாறு சொல்லிக் கொடுத்துப் பிழைக்கிறவள் கோபப்படாமல் இருப்பது கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால் போன வருடம் ஒரு சனிக்கிழமை, இங்கே மலேசியாவில் லாபுத் தோட்டத்தில் எனக்கு வந்த கோபம் வேறு மாதிரி. கெட்டவர்கள் மேல் கோபப்படுவது சுலபம். திட்டித் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். அன்று என் கோபம் முழுக்க ஒரு நல்ல மனிதர் மேல். அந்த நல்ல மனிதர் என் அண்ணன்தான்.

அண்ணன் அந்தத் தோட்டத்தில் மண்டோர். விடியுமுன் ஆட்களை ஆபீஸ் வாசலில் வரிசையாக நிறுத்தி, பேர் பார்த்து, வேலை பிரித்துக் கொடுத்து, அப்புறம் பொழுதுக்கும் அவர்கள் பின்னால் மோட்டார் சைக்கிளில் சுற்றுகிற வேலை. நாங்கள் இருவரும் அதே தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பிறந்தவர்கள். அப்போது ரப்பர், இப்போது எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. அப்போதிருந்த தமிழ்க் குடும்பங்கள் சிரம்பான், நீலாய் என்று டவுன் பக்கம் ஒதுங்கிவிட்டன. நானும் நீலாயில்தான் இருக்கிறேன், அங்கே இடைநிலைப்பள்ளியில் டீச்சர். தோட்டத்தில் மிச்சமிருப்பது அண்ணன் வீட்டோடு சேர்த்து விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய வீடுகள். மற்ற அறைகளில் இந்தோனேசியாவின் லொம்போக் தீவுக்காரர்கள், நேப்பாளிகள், பங்களாதேஷ்காரர்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்த நாலைந்து பேர். அத்தனை பேரையும் ஒரு குத்தகைக்காரர் கொண்டுவந்து இறக்கியிருந்தார். தலைக்கு மேலே நாள் முழுக்க விமானங்கள் தாழப் பறக்கும். விமான நிலையம் அவ்வளவு பக்கம்.

அன்று காலை அண்ணி போன் செய்து, தோட்டத்தில் சாவு விழுந்திருக்கிறது, உடனே புறப்பட்டு வா என்றார். யார் என்று கேட்டேன். சிவகங்கைத் தம்பியின் அம்மா என்றார். அந்தத் தம்பியை எனக்குத் தெரியும். முப்பது வயதிருக்கும், குலை வெட்டுகிறவன், வந்து மூன்று வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போனால் என் காரைக் கழுவட்டுமா என்று கேட்பான். வேண்டாம் என்றாலும் கண்ணாடியையாவது துடைத்து வைப்பான். ஆனால் அவன் அம்மா சிவகங்கைப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்தில் அல்லவா இருக்கிறார்? இங்கே எப்படிச் சாவு வீடு என்று கேட்டேன். அண்ணி, "உங்கண்ணன் கெமா போட ஆள் அனுப்பிட்டாரு. நீ வர்றப்ப நீலாயில பூ வாங்கிட்டு வா" என்று வைத்துவிட்டார்.

போகிற வழியில் எனக்கு அண்ணனை நினைத்துப் பெருமையாகவே இருந்தது. அண்ணி மறுபடி கூப்பிட்டுச் சொன்னது இதுதான். காலையில் பெரட்டு, அதாவது ஆட்களை வரிசையில் நிறுத்துகிற நேரம். வரிசையில் நின்றவன் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தான், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அண்ணன் ஓடிப்போய் விசாரித்துத் தெரிந்துகொண்டதும் பெரட்டைக் கலைத்துவிட்டார். யாரும் வேலைக்குப் போக வேண்டாம். சாவு விழுந்தால் எடுக்கிற வரைக்கும் தோட்டத்தில் வேலை இல்லை. இது எங்கள் ஆட்கள் வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்து விட்டுக் கொடுக்காத ஒன்று. ஆனால் அது தோட்டத்தில் சாகிறவர்களுக்கு. கடலுக்கு அந்தப் பக்கம் செத்த ஒரு அம்மாவுக்காக யாரும் பெரட்டைக் கலைத்ததில்லை. குத்தகைக்காரர் போனில் குதித்தாராம். அண்ணன், "எழவு வீட்டுல வேல சொல்லாதீங்க முதலாளி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம். அண்ணி இதைச் சொல்லும்போது குரலில் ஒரு மிதப்பு இருந்தது. இருக்கட்டுமே.

நான் போய்ச் சேர்ந்தபோது லயத்துக்கு முன்னால் கெமா, அதுதான் கூடாரம், போட்டாகிவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகள், மேசைமேல் காப்பி, பிஸ்கட், நடுவில் அந்த அம்மாவின் படம். படம் அவன் போனில் இருந்ததுதான். ஏதோ கல்யாணத்தில் பலபேரோடு எடுத்த படத்திலிருந்து அவரை மட்டும் பிரித்து, அண்ணனே நீலாய்க்கு ஓடிப் பெரிதுபடுத்திச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அந்த அம்மாவின் தோளில் யாருடைய கையோ ஒன்று வெட்டுப்படாமல் தங்கியிருந்தது. விளக்கு ஏற்றியிருந்தது. எங்கள் வீட்டில் மாதா படமும் ஜெபமாலையும்தான். ஆனால் அந்தத் தம்பியின் முறைப்படி தேங்காய், ஊதுவத்தி எல்லாம் அண்ணன் கேட்டுக் கேட்டு வாங்கி வைத்திருந்தார். பக்கத்து ஊரான மம்பாவிலிருந்து தப்பு அடிக்கிறவர்கள் வந்திருந்தார்கள். பிணம் ஒன்றுதான் இல்லை.

எங்கள் தோட்டத்தில் துக்கம் கேட்கிற முறை ஒன்று உண்டு. வருகிறவர் எதுவும் பேச மாட்டார். செத்தவருக்கு உரிமைப்பட்டவர் இரண்டு கைகளையும் சேர்த்து முன்னால் நீட்டுவார். வந்தவர் தன் இரண்டு கைகளால் அதைத் தொட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வார். அவ்வளவுதான். லொம்போக்காரர்களுக்கும் நேப்பாளிகளுக்கும் இது புதிது. முதலில் ஒருவர் கைகுலுக்கப் போனார், ஒருவர் கட்டிப்பிடித்தார். பிறகு எங்கள் ஆட்களைப் பார்த்துப் பழகிக்கொண்டார்கள். நான் போனபோது ஒருவர் பின் ஒருவராக வந்து தொட்டுவிட்டு, வரிசையாக நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒரு தாய்க்கு இத்தனை ஊர்ப் பிள்ளைகள்.

நானும் தொட்டேன். அவன் கை ஐஸ்போல இருந்தது. நான் நகரப் போனபோது மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, நாளைக்கு மத்தியானம் வரைக்கும் அம்மாவ எனக்காக வச்சிருக்கோம்னு ஊர்ல என் தம்பி சொல்றான். எடுக்கிறதுக்குள்ள போயிறலாமாக்கா?"

சாயங்காலம் திருச்சிக்கு விமானம் இருக்கிறது. ராத்திரி இறங்கினால் விடிவதற்குள் ஊருக்குப் போய்விடலாம். இதில் என்ன சந்தேகம், கிளம்ப வேண்டியதுதானே என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "பாஸ்போர்ட் மண்டோரண்ணன்கிட்ட இருக்குக்கா" என்றான். கேட்டாயா என்றேன். காலையிலேயே கேட்டானாம். பார்ப்போம் என்று சொல்லிவிட்டு அண்ணன் கெமாவுக்குச் சொல்லப் போய்விட்டாராம். அதற்கப்புறம் படத்துக்கு, பூவுக்கு, தப்புக்கு என்று ஓடிக்கொண்டே இருக்கிறார், நின்று பேச நேரமே இல்லை.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அண்ணன் அவனுக்கு எல்லாம் செய்துகொண்டிருந்தார். அவன் கேட்ட ஒன்றைத் தவிர.

அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். தப்புச் சத்தத்தில் எனக்கு என் வகுப்பு ஞாபகம் வந்தது. அந்த வாரம் அடிமை ஒழிப்பைப் பற்றிப் பேசியிருந்தேன். பாடத்தில் இருக்கிறதோ இல்லையோ நான் பேசுவேன். எங்கள் தலைமையாசிரியருக்கு அதில் எரிச்சல். வெள்ளைக்காரர்கள் சட்டம் போட்டு அடிமைகளை விடுவித்தபோது நஷ்ட ஈடு யாருக்குக் கொடுத்தார்கள் என்று பிள்ளைகளைக் கேட்டேன். அடிமைகளுக்கு என்று வகுப்பே சொன்னது. இல்லை, எஜமானர்களுக்கு. என் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள், நான் ஜோக் சொல்கிறேன் என்று. கரும்புக் காட்டில் ஆள் குறைந்ததும் நம் ஊர்ப் பக்கம் கப்பல் வந்தது. அதற்கு ஒப்பந்தம் என்று பேர். ஒப்பந்தத்தையும் ஒரு சட்டம் ஒழித்தது. அதற்கு முன்பிருந்தே கங்காணி ஆள் கூட்டிக்கொண்டுதான் இருந்தான். இந்த மலாய் நாடுகளிலும் கடனுக்காக மனிதர்களைக் கட்டிவைத்திருந்தார்கள், அதையும் சட்டம்தான் ஒழித்தது. ஆப்பிரிக்காவில் ஒரு நாடு அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்தபோது நான் இதே தோட்டத்தில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். ஒரு மனிதனை இன்னொரு மனிதன் வைத்துக்கொள்ளலாம் என்று உலகத்தில் இன்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை. அதனால் யாரும் வைத்துக்கொள்வதில்லை. பாஸ்போர்ட்டை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள்.

அதற்கும் சட்டம் இருக்கிறது. அடுத்தவர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது இந்த நாட்டில் குற்றம். முன்பே ஒருமுறை அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். "வந்துட்டாங்க டீச்சரு" என்று சிரித்துவிட்டுப் போனார்.

இந்த முறை சமையல்கட்டுக்குப் பின்னால் வைத்துப் பிடித்தேன். அண்ணி உள்ளே காப்பி கலக்கிக்கொண்டிருந்தார், கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. அப்படியானால் காது எங்கள் பக்கம் என்று அர்த்தம். துக்க வீடு என்பதால் சத்தம் போடவும் முடியாது. நாங்கள் இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு குசுகுசுவென்று சண்டை போட்டோம். ஐம்பதைத் தாண்டிய இரண்டு பேர் அப்படிச் சண்டை போடுவதை யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

குத்தகைக்காரர் ஆளுக்குப் பொறுப்பு நீ என்று சொல்லித்தான் பாஸ்போர்ட் இருக்கிற ஆபீஸ் அலமாரிச் சாவியைக் கொடுத்திருக்கிறார் என்றார் அண்ணன். இவனுக்கு முன்னால் இரண்டு பேர் இப்படித்தான் அப்பாவுக்கு முடியவில்லை, தங்கச்சிக்குக் கல்யாணம் என்று போனார்கள், திரும்பவே இல்லை. குத்தகைக்காரர் எல்லார் முன்னாலும் அண்ணனை நிறுத்திப் பேசிய பேச்சை அண்ணியிடம்கூட அவர் முழுசாகச் சொல்லவில்லை. வேலை போனால் வீடு போய்விடும். தோட்டத்து வீடு அது. இந்த வயதில் எங்கே போவது?

இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். பயம் எனக்குப் புரியும். பயந்திருக்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தால் நான் இறங்கி வந்திருப்பேன். ஆனால் அடுத்து அவர் சொன்னது வேறு.

"நான் என்னா திருடியா வச்சிருக்கேன்? பத்திரமா இருக்கட்டுமேன்னுதானே வச்சிருக்கேன். அவனுங்க ரூம்ல கரையான், மழை. போலீசு வந்து கேட்டா ஒருத்தன் கையில இருக்காது. நம்ம அப்பா வச்சிருக்கலயா?"

அப்பா வைத்திருந்தார். அது உண்மை. லயத்துக் கூரை ஒழுகும், சுவரில் கரையான் ஏறும். எங்கள் வரிசையில் இருந்த எல்லார் வீட்டுப் பிறப்புப் பத்திரமும் அடையாளக் கார்டும் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில்தான் இருந்தன. அப்பா மாதா கோயில் காரியங்களைப் பார்க்கிறவர், எழுதப் படிக்கத் தெரிந்தவர், அதனால் சனங்கள் தாமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பெட்டியை அவர் கட்டிலுக்கு அடியில் வைத்து, மேலே ஒரு மெழுகுத் துணி போர்த்தியிருப்பார். கொடுக்காமல் தாமே வைத்துக்கொண்ட ஒரு குடும்பம் இருந்தது. வெள்ளத்தில் பத்திரம் போனது. அந்த வீட்டுப் பிள்ளைகள் இந்த மண்ணில் பிறந்தும் கடைசிவரை சிவப்பு அடையாளக் கார்டோடு, குடியுரிமை இல்லாமல் அலைந்தார்கள். அந்த வீட்டு மூத்தவர் அண்ணனின் கூட்டாளி. ஒரு காகிதம் தொலைந்தால் ஒரு ஆயுசே தொலைந்து போகும் என்பதை அண்ணன் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. கண்ணால் பார்த்தவர். அதனால் அந்த அலமாரியில் பாஸ்போர்ட்டுகளை அவர் எப்படி வைத்திருக்கிறார் தெரியுமா? ஒவ்வொன்றும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில், பாச்சை உருண்டை போட்டு, மாதம் ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட வைத்து.

நான் சொன்னேன்: "அப்பாகிட்ட நம்ம சனங்க கேட்டப்ப அப்பா எடுத்துக் குடுத்தாருண்ணே. சாவி அவரு இடுப்புல இல்ல."

நாற்காலி போதவில்லை என்று யாரோ அண்ணனைக் கூப்பிட்டார்கள். போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை எடுத்துத் திருச்சிக்கு டிக்கெட் போட உட்கார்ந்துவிட்டேன். பாஸ்போர்ட் எண் கேட்டது. தம்பியிடம் கேட்டேன். அவன் தன் போனில் ஒரு படத்தைத் திறந்து காட்டினான். அங்கிருந்த எல்லார் போனிலும் அப்படி ஒரு படம் இருக்கிறதாம். தன் பாஸ்போர்ட்டைத் தானே பார்க்க வேண்டுமென்றால் படத்தில்தான் பார்க்க வேண்டும். டிக்கெட் வந்துவிட்டது. ஆள் இருக்கிறான், டிக்கெட் இருக்கிறது, விமான நிலையம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. தலைக்கு மேலே ஒன்று உறுமிக்கொண்டு இறங்கியது.

மத்தியானம் ஊரிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. லயத்தில் சிக்னல் கிடைக்காது. தண்ணீர்த் தொட்டி மேட்டில் நின்றால்தான் கிடைக்கும். தம்பி மேட்டில் நின்றான். நான் பக்கத்தில் நின்றேன். ஐஸ் பெட்டிக்குள் அந்த அம்மா. கண்ணாடிமேல் நீர் கோத்து முகம் சரியாகத் தெரியவில்லை. யாரோ ஒரு பெண் துண்டால் கண்ணாடியைத் துடைத்துவிட்டாள். நீ எப்போது வருவாய் என்று ஊரிலிருந்த அவன் தம்பி கேட்டான். இவன் வாயைத் திறந்தான், அதற்குள் இன்னொரு விமானம் போய் ஒன்றும் கேட்காமல் ஆகிவிட்டது. சத்தம் அடங்கியபோது இவன், "வந்துருவேன்டா, பெட்டிய மூடாதீங்க" என்று மட்டும் சொன்னான். அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. இந்தப் பிள்ளை பொய் சொல்கிறானே என்று இருந்தது, பொய்யாகிவிடக் கூடாதே என்றும் இருந்தது.

இறங்கி வந்தபோது அண்ணன் குளித்து, வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து வேலையாக ஓடியதில் அவர் இன்னும் முறையாகத் துக்கம் கேட்கவில்லை. தோட்டத்தில் மண்டோர் வந்து தொடுவதுதான் கடைசி மரியாதை. தப்பு ஒருமுறை வேகமாக அடித்து ஓய்ந்தது. நாற்காலியில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அந்தத் தம்பி படத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று இரண்டு கைகளையும் நீட்டினான். அண்ணன் தன் கைகளை வைத்தார். கண் கலங்கியிருந்தார். வேஷம் இல்லை, அவருக்கு அந்தப் பிள்ளைமேல் உண்மையிலேயே பாசம்.

தொட்டதும் கையை எடுத்துக்கொள்ள வேண்டும். அண்ணன் எடுத்துக்கொண்டார். தம்பி எடுக்கவில்லை. நீட்டிய கைகளை மெதுவாகத் திருப்பி, உள்ளங்கைகளை மேலே காட்டி அப்படியே நின்றான்.

"அண்ணே, நீங்க எனக்கு எல்லாம் செஞ்சிட்டீங்க. எங்கூர்லகூட இப்புடிச் செய்ய மாட்டாங்க. எம் பாஸ்போர்ட்ட குடுத்துருங்கண்ணே. எங்கம்மாவ நான் தூக்கணும்."

குரலில் கோபம் இல்லை. கெஞ்சலும் இல்லை. துக்க வீட்டில் உரிமைக்காரன் கை நீட்டி நிற்கும்போது முதுகைக் காட்டக் கூடாது, அது எங்கள் பக்கம் யாரும் செய்யாத காரியம். அண்ணன் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன், உதவி செய்யவில்லை. படத்தைப் பார்த்தார். அப்புறம் இடுப்பில் கை வைத்தார். சாவியை அவிழ்க்க நேரம் பிடித்தது. ஆபீஸ் பக்கம் நடந்தார். தம்பி கையை இறக்கவில்லை. அண்ணன் போய்விட்டு வருகிற வரைக்கும் அப்படியே நின்றான். அண்ணி சமையல்கட்டு வாசலில் வந்து நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அண்ணன் உறையோடு கொண்டுவந்து அவன் உள்ளங்கையில் வைத்தார். அவன் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். காலையிலிருந்து அவன் அழுது நான் பார்க்கவில்லை.

நான் காரை எடுக்கத் திரும்பினேன். அப்போது முன்வரிசையில் நின்ற லொம்போக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். வயதானவர், அந்தத் தோட்டத்தில் அண்ணனோடு நீண்ட காலம் வேலை செய்கிறவர், சாயங்காலங்களில் அண்ணனோடு டீ குடிப்பவர். வந்து அண்ணன் முன்னால் நின்று, காலையில் கற்றுக்கொண்ட அதே மாதிரி இரண்டு கைகளையும் நீட்டினார். உள்ளங்கை மேலே.

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. மலாயில், "சியாப்பா மாத்தி?" என்று கேட்டார். உனக்கு யார் செத்தது?

அந்த மனிதர் தலையை ஆட்டி, மிக மரியாதையாகச் சொன்னார். "பெலும் அடா, பாங்." இன்னும் யாரும் இல்லை, அண்ணே.

அண்ணன் முகத்தை அந்த மாதிரி நான் முன்பு பார்த்ததில்லை. எங்கள் அப்பா செத்த அன்றுகூட இல்லை. அண்ணன், நாளைக்கு என்று முணுமுணுத்துவிட்டுக் காரில் ஏறிவிட்டார். விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்பது உண்மைதான். ஆனால் அவர் ஏறிய வேகம் விமானத்துக்காக இல்லை.

அண்ணன்தான் ஓட்டினார். தம்பி முன்சீட்டில், நான் பின்னால். வழியில் யாரும் பேசவில்லை. விமான நிலையத்தில் உள்ளே போகிற இடத்தில் அண்ணன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, காரியமெல்லாம் முடிந்ததும் வந்துவிடுவாய் அல்லவா என்று கேட்டார். முன்னே போன இரண்டு பேரும் இதே இடத்தில் சத்தியம் செய்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

"தெரியலண்ணே" என்றான் இவன். காலில் விழுந்து எழுந்தான். உள்ளே போய்விட்டான்.

மறுநாள் ஞாயிறு பூசை முடிந்து சாயங்காலம் நான் தோட்டத்துக்குப் போனபோது ஊரிலிருந்து வீடியோ வந்திருந்தது. மொட்டைத் தலையோடு அவன் பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்துக்கொண்டு போகிறான். அண்ணியும் அண்ணனும் நானும் சமையல்கட்டில் நின்று பார்த்தோம். அண்ணன் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். ஒருமுறை நிறுத்தி, எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் பார், நாம் போட்டதைவிடப் பெரிய பந்தல் என்றார். பாராட்டுகிறாரா பொறாமைப்படுகிறாரா என்று சொல்ல முடியவில்லை. பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். நான் அவர் தலையைத் தடவிக் கொடுத்தேன். எங்களுக்குள் அப்படியெல்லாம் பழக்கமில்லை.

திங்கட்கிழமை காலைப் பெரட்டில் அவர் வேலை பிரிக்கவில்லையாம். பாஸ்போர்ட்டுகளை ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுக் கொண்டுவந்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தாராம். முதலில் அந்த லொம்போக்காரர். பாச்சை உருண்டையையும் கூடவே கொடுத்து, ரூமில் எங்கே வைக்க வேண்டும், மழைக்காலத்தில் எப்படிச் சுற்ற வேண்டும் என்று ஆளாளுக்குப் பாடம் நடத்தினாராம். என்னை டீச்சர் என்று கிண்டல் செய்கிற மனிதர். குத்தகைக்காரர் வந்து ஆடித் தீர்த்தார். அண்ணன், என் தங்கச்சி சட்டம் படித்தவள், அவளிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். நான் சட்டம் படிக்கவில்லை. ஆனாலும் குத்தகைக்காரர் என்னிடம் பேசவில்லை. இதெல்லாம் நடந்தும் அண்ணன் வேலை இன்றுவரை போகவில்லை. நாளைக்குப் போகலாம், அந்தப் பயம் அவருக்கு இன்னும் இருக்கிறது. பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்த மறுநாளும் பெரட்டில் எல்லாரும் வந்து நின்றார்கள்.

சிவகங்கைத் தம்பி போய் ஒன்றரை மாதம் ஆயிற்று. அண்ணன் வெளியில் ஒன்றும் காட்டவில்லை, ஆனால் போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அடித்தது. எடுத்தார். கேட்டுக்கொண்டே இருந்தார். சரி என்றார், உடம்பைப் பார்த்துக்கொள் என்றார், அப்பாவைக் கேட்டதாகச் சொல் என்றார். போனை வைத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார், சாப்பிடவில்லை. என்னவாம் என்று அண்ணி கேட்டார்.

"வரலயாம். அப்பா தனியா இருக்காராம், ஊரோட இருந்துக்கிறேங்கறான். வேற ஆளு பாத்துக்கங்கண்ணேன்னு சொல்றான்."

நான் ஆறுதலாக எதையோ சொல்ல வாய் திறந்தேன். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இத்தன வருஷத்துல எத்தன பேரு ஓடியிருக்கானுங்க" என்றார். "வேலைய விட்டுக்கிறேண்ணேன்னு எங்கிட்ட சொன்ன மொத ஆளு இவன்தான்."